அறுவடை வரையும்: கிறிஸ்தவ மரபில் இறைபொறுமையும் நியாயத்தீர்ப்பும் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

சமயக் கோட்பாடு ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்வர். அக்கோட்பாட்டைக் காலங்கடந்த உண்மையாகக் கொண்டு, அதற்கு உரை கூறிய ஆன்றோரை நிரல்பட நிறுத்திக் காட்டுதல் ஒரு வழி. ஆளும் வர்க்கத்தின் ஏமாற்று என ஒரே தொடரில் அதனை ஒதுக்கிவிடுதல் மற்றொரு வழி. முன்னதிற் சமூகம் இல்லை. பின்னதில் வரலாறு இல்லை. ஒரே கோட்பாடு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வர்க்கத்தாரின் வாயில், ஒன்றுக்கொன்று முரணான பொருள்களைப் பெறுவது எவ்வாறு என்ற வினாவை இவ்விரு வழிகளும் எழுப்புவதில்லை. அவ்வினாவை முன்வைத்துக் கிறிஸ்தவத்தின் இறைபொறுமைக் கோட்பாட்டை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாட்டின் சாரம் எளிது. உலகிற் கொடுமை நிகழ்கின்றது. இறைவன் அதனைக் காண்கின்றான். ஆயினும் உடனே தண்டிப்பதில்லை. அத்தாமதம் அவனது இயலாமையன்று. பாவி மனந்திரும்புவதற்கு அளிக்கப்படும் தவணை. தமிழ் விவிலியம் இப்பண்பை 'நீடிய சாந்தம்', 'நீடிய பொறுமை' என்னும் தொடர்களாற் குறிக்கும். தவணை எல்லையற்றதன்று. தீர்ப்பு நாள் திருடனைப் போல எதிர்பாராத வேளையில் வரும். ஆகவே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். தாமதம், பொறுமை, ஆயத்தம் ஆகிய மூன்று கூறுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இவற்றுள் எதனை எவர் எவருக்கு வற்புறுத்தினர் என்பதிலேயே கோட்பாட்டின் சமூக வரலாறு அடங்கியுள்ளது.

இவ்வரலாற்றைத் தொடர்வதற்கு வாய்ப்பான ஓர் இழை உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் கோதுமையும் களைகளும் பற்றிய உவமையே அது. நிலக்கிழார் ஒருவரின் வயலிற் பகைவன் இரவிற் களை விதைத்துச் செல்கின்றான். பயிர் வளர்ந்தபோது களையைக் கண்ட வேலையாட்கள், அதனைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்கின்றனர். பிடுங்கினாற் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும். அறுவடை வரையும் இரண்டும் வளரட்டும். அறுப்போர் அப்போது களையைப் பிரித்தெடுத்து எரிப்பர் என்கிறார் நிலக்கிழார். மூலத்திற் குறிக்கப்படும் களை, இளம் பருவத்திற் கோதுமையினின்றும் பிரித்தறிய இயலாத ஒரு புல்லினம். அவ்வேளாண்மை உண்மையின் மீதே உவமை கட்டப்பட்டுள்ளது.

தமிழ் வாசகர் ஈண்டு ஓர் ஒப்பீட்டை மனங்கொள்ளலாம். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்திலும் களையெடுத்தல் உவமையாகின்றது. கொடியோரை வேந்தன் தண்டித்தல் பசும்பயிரைக் காக்கக் களை பறித்தலுக்கு ஒப்பாகும் என்பது அங்குள்ள கருத்து. வள்ளுவரிடம் களையெடுப்பு அரசின் கடமை. உரிய காலம் பயிரின் இளம் பருவமே. மத்தேயுவின் உவமையிலோ களையெடுப்பு தடுக்கப்படுகின்றது. காலம் அறுவடைக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. முன்னது அரசு அறம் வகுக்கும் சமூகமொன்றின் குரல். பின்னது அரசதிகாரம் எதுவும் கையில் இல்லாத சிறு குழுவொன்றின் குரல். அச்சிறு குழு அரசாண்டபோது அதே உவமைக்கு நேர்ந்த கதியைப் பின்னர் காண்போம்.

1

தீர்ப்பு நாள் பற்றிய எண்ணம் கிறிஸ்தவத்துக்கு முற்பட்டது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இஸ்ரவேலின் வட அரசிற் பேசிய ஆமோஸ், ஏழையைச் சிறு கடனுக்காக விற்றவர்களையும் கள்ளத் தராசு வைத்த வணிகரையும் கடிந்துரைத்தார். கர்த்தரின் நாளை ஆவலோடு எதிர்நோக்கிய செல்வர்க்கு அந்நாள் ஒளியாக இராது, இருளாகவே இருக்கும் என்றார். யோனாவின் கதை இதற்கு மறுதலையான ஒன்று. பகை நகராகிய நினிவே மனந்திரும்பியதால் இறைவன் அதனைத் தண்டியாது விடுகின்றான், தீர்க்கதரிசியோ சினங்கொள்கின்றான். தண்டனையை வேண்டும் மனிதனும் பொறுக்கும் இறைவனும் அங்கு எதிரெதிரே நிற்கின்றனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில், நான்காம் அந்தியோக்கஸ் மன்னனின் அடக்குமுறைக் காலத்திலே தானியேல் நூல் இன்றைய வடிவைப் பெற்றபோது, பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்து இறுதியில் இறையரசு நிலைபெறும் என்ற காலத்திட்டம் உருவாயிற்று.

கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறை இக்காலத்திட்டத்தின் இறுதிக் கணத்திலே தான் வாழ்வதாக நம்பியது. ஏறத்தாழ கி.பி. 50இல் எழுதப்பட்ட தெசலோனிக்கேயருக்கான முதலாம் நிருபத்திற் பவுல் எதிர்கொள்ளும் சிக்கல், கிறிஸ்து வருமுன்னரே இறந்துபோன சிலரின் கதி யாது என்பதாகும். அனைவரும் இறக்குமுன் அவர் வந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு எத்துணை வலிதாயிருந்தது என்பதை இது புலப்படுத்தும்.

அக்கால எழுத்துகளில் வர்க்கக் குரல் ஒலிப்பதையும் மறைப்பதற்கில்லை. யாக்கோபின் நிருபம், வயலறுத்த கூலியாட்களுக்குக் கொடாது பிடித்துவைத்த கூலியே செல்வருக்கெதிராகக் கூக்குரலிடுகின்றது என்று கூறும். அதையடுத்தே, முன்மாரியையும் பின்மாரியையும் எதிர்பார்த்திருக்கும் உழவனைப்போலப் பொறுமையாயிருக்கும்படி ஏழைகளை வேண்டும். செல்வருக்கு அச்சுறுத்தலும் ஏழைக்குப் பொறுமையும் ஒரே மூச்சில் வருவது நோக்கற்பாலது. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததாகப் பெரும்பாலான அறிஞர் கொள்ளும் வெளிப்படுத்தின விசேஷத்திலே, கொல்லப்பட்டோரின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கின்றன. சிறிது காலம் இளைப்பாறும்படி அவற்றுக்கு விடை கிடைக்கின்றது. அந்நூலில் உரோமின் வீழ்ச்சியைக் கண்டு அழுவோர் வணிகர். அவர்தம் சரக்குகளின் பட்டியல் பொன்னில் தொடங்கி அடிமைகளில் முடிகின்றது. ஏங்கெல்ஸ் தமது இறுதி ஆண்டுகளிலே, 1894இல், ஆதிக் கிறிஸ்தவ வரலாறு பற்றி எழுதியபோது இந்நூலைத் தனிச்சிறப்புடைய சான்றாகக் கொண்டமைக்கு இதுவே காரணம். நூலின் காலத்தை அவர் கி.பி. 68–69 எனக் கணித்தமை இன்று பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஒடுக்கப்பட்டோரின் கோபம் அதில் உறைந்துள்ளது என்ற அவரது மதிப்பீடு நிலைத்து நிற்கின்றது.

ஆனால் நாள் வரவில்லை. தலைமுறைகள் கழிந்தன. வருவேன் என்ற வாக்குறுதி எங்கே என்று ஏளனஞ் செய்வோர் தோன்றினர். பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம் இவர்களுக்கே விடையிறுக்கின்றது. பெரும்பாலான ஆய்வாளர் அதனை 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகக் கொள்வர். இறைவனுக்கு ஆயிரம் ஆண்டும் ஒரு நாளும் ஒன்றே. தாமதம் போலத் தோன்றுவது எவரும் கெட்டுப்போகக் கூடாதென்ற பொறுமையே என்பது அதன் வாதம். இறைபொறுமை இறைவனின் இயல்புகளுள் ஒன்றென்ற நிலையிலிருந்து வரலாற்றுக் காலத்தை விளக்கும் தத்துவமாக இங்கு உயர்த்தப்படுகின்றது. அதே பகுதியில் மற்றொரு நுட்பமும் உண்டு. அந்நாளுக்குக் காத்திருக்கும்படி கூறும் ஆசிரியர், அதனை விரைவுபடுத்தும்படியும் கூறுகின்றார். மூலக் கிரேக்கச் சொல் இப்பொருளுக்கு இடந்தருகின்றது. காத்திருத்தலும் விரைவுபடுத்தலும் ஒரே வாக்கியத்தில் நிற்பதால் விளைந்த இழுபறியே பின்வரும் பதினெட்டு நூற்றாண்டுகளின் கதை எனலாம்.

2

துன்புறுத்தப்பட்ட திருச்சபைக்குப் பொறுமை ஒரு தற்காப்பு. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டிப் பொறுமை பற்றித் தனி நூலொன்று இயற்றினார். அதே நகரின் ஆயர் சிப்ரியன் 256இல் அதே பொருளில் எழுதினார். உரோம அரசுக்கு முகவுரையாக எழுதிய தற்காப்பு நூலிலே, கிறிஸ்தவர் உலகமுடிவு தாமதிக்கும்படி மன்றாடுவதாகத் தெர்த்துல்லியன் கூறுகின்றார். பொதுமக்களின் கேளிக்கைகளைச் சாடிய மற்றொரு நூலிலோ, துன்புறுத்திய மன்னர்களும் ஆளுநர்களும் தீர்ப்பு நாளில் எரிவதைக் காணப்போகும் களிப்பை வருணிக்கின்றார். ஆளுவோரை நோக்கிய பேச்சில் தாமதமும் தம்மவரை நோக்கிய பேச்சிற் பழிதீர்ப்பும் மேலோங்குகின்றன. அதிகாரமற்றோரின் பொறுமை பெரும்பாலும் இத்தகைய இரட்டைக் கணக்கை உட்கொண்டதேயாகும்.

கான்ஸ்தந்தீன் பேரரசன் 312ஆம் ஆண்டின் பின்னர் திருச்சபையின் காவலனானதும் நிலைமை மாறிற்று. துன்புறுத்திய பேரரசர்களின் கொடிய சாவுகளை இறைத்தீர்ப்பாக லக்தான்சியஸ் எழுதிவைத்தார். தீர்ப்பின் ஒரு பகுதி நிறைவேறிவிட்டது. வென்றவர் இப்போது அரண்மனையில் இருந்தனர். இனி அவசரம் எதற்கு?

இம்மாற்றத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் ஆவார். 410இல் உரோம் சூறையாடப்பட்டதன் பின் அவர் எழுதத் தொடங்கிய 'இறைவனின் நகரம்' என்ற பெருநூலிலே, வெளிப்படுத்தலிற் கூறப்படும் ஆயிரமாண்டு ஆட்சி எதிர்காலத்தில் வரவிருப்பதன்று, திருச்சபையின் தற்காலமே அது என்று விளக்கினார். எதிர்பார்ப்பு இவ்வாறு நிறுவனத்துள் அடக்கப்பட்டது.

வட ஆபிரிக்காவில் அகுஸ்தீனுக்கு எதிரே நின்ற தொனாத்தியர், அடக்குமுறைக் காலத்தில் விட்டுக்கொடுத்த குருமார் கலவாத தூய சபையை வேண்டினர். நுமிதியாவின் நாட்டுப்புற மக்களிடையே அவர்களுக்குப் பெருஞ் செல்வாக்கு இருந்தது. கடன்கொடுத்தோரையும் நிலவுடைமையாளரையும் அச்சுறுத்திய சிர்க்கும்செல்லியோனர் என்ற குழுவினரும் இச்சூழலிலேயே தோன்றினர். பிணக்கின் மையத்திற் களை உவமை நின்றது. சபை என்பது களையும் கோதுமையும் கலந்த வயல். அறுவடைக்கு முன் பிரிக்க முனைவது அகந்தை என்றார் அகுஸ்தீன். வயல் என்பது உலகம் என்று சுவிசேஷமே விளக்குகின்றதே, சபை என்று அங்கு கூறவில்லையே என்றனர் தொனாத்தியர். 411இற் கார்த்தேஜிற் பேரரசின் அலுவலர் தலைமையில் நூற்றுக்கணக்கான ஆயர்கள் இதனையும் வாதிட்டனர். தீர்ப்புத் தொனாத்தியருக்கு எதிராயிற்று. 412இல் அவர்கள்மீது தண்டம் விதிக்கும் அரசாணை வந்தது. பொறுமையை வற்புறுத்தி வாதில் வென்ற தரப்பு, வென்றதும் வற்புறுத்தலுக்கு அரசின் கரத்தைப் பெற்றுக்கொண்டது. அகுஸ்தீனே முன்னர் வன்முறையை விரும்பாதிருந்து, பின்னர் அதற்கு இறையியல் நியாயம் கண்டவர். களை இன்னதெனத் தெளிவாகத் தெரிந்து, பயிருக்கு ஆபத்தும் இல்லையெனில், ஒழுக்க நடவடிக்கை உறங்கவேண்டியதில்லை என்றொரு விதிவிலக்கையும் அவர் எழுதிவைத்தார்.

அவ்விதிவிலக்கு எண்ணூறு ஆண்டு காத்திருந்து பயன்பட்டது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பேதகர்களை அரசிடம் ஒப்படைக்கலாமா என்று அயல் ஆயரொருவர் கேட்டபோது, லியேஜ் நகரின் ஆயர் வாசோ இவ்வுவமையைக் காட்டி மறுத்தார். இன்று களையாயிருப்போர் நாளை கோதுமையாகக்கூடும் என்பது அவரது நியாயம். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் நகரங்களும் வணிகமும் பெருகி, தென் பிரான்சிலும் வட இத்தாலியிலும் மாற்றுச் சபைகள் வேரூன்றி, திருச்சபை விசாரணை மன்றுகளும் எழுந்தன. அந்நிலையில் தோமஸ் அக்குவினாஸ், அகுஸ்தீனின் விதிவிலக்கையே மேற்கோளாக்கி, கோதுமைக்கு ஊறு நேராதவிடத்துப் பேதகரை மரணதண்டனைக்கு விடலாம் என்று முடிபு கூறினார். நிலக்கிழாரின் தடையுத்தரவு வேலையாட்களின் அனுமதிச் சீட்டாயிற்று.

அதே நூற்றாண்டுகளில் தாமதத்தின் பொருளாதாரமும் மாறிற்று. பிரான்சின் கொங்கு, ஓத்தன் முதலிய ஊர்களின் கோயில் வாயில்களில் இறுதித் தீர்ப்புக் காட்சி 12ஆம் நூற்றாண்டிற் செதுக்கப்பட்டது. கொங்கு வாயிலின் நரகப் பக்கத்தில் முடியணிந்த மன்னனையும் கழுத்திற் பணப்பை தொங்கும் உலோபியையும் காணலாம். எழுத்தறியாத உழவனுக்கு அது கல்லில் எழுதிய நியாயம். எனினும் பொதுத் தீர்ப்பு எட்டாத் தொலைவிற்கு நகர, தனி ஆன்மாவின் தீர்ப்பு மரணப் படுக்கைக்கு அருகே வந்தது. 1274இன் லியோன் சங்கம் உத்தரிக்கும் தலம் பற்றிய போதனையை வரையறுத்தது; 1336இற் பாப்பு 12ஆம் பெனடிக்ட் ஆன்மா இறந்தவுடனேயே தன் கதியை அடைகின்றது என்று அறிவித்தார். தவணைக்கு இப்போது அளவு உண்டு. அளவுள்ளதற்கு விலையும் உண்டாயிற்று. வட்டித் தொழில் புரிவோருக்கும் மீட்சிக்கு ஒரு வாயில் திறந்ததை ழாக் லே கோப் 1981இல் வெளிவந்த தமது ஆய்வில் விளக்கியுள்ளார். பாவப்பொறுத்தல் சீட்டு அவ்வளர்ச்சியின் இறுதிக் கனி.

3

பொறுமையை மறுத்த மரபும் உடன் வளர்ந்தது. 1348ஐ அடுத்த கொள்ளை நோயின் பின்னர் இங்கிலாந்தில் உழைப்பாளர் அருகினர், கூலி உயர்ந்தது. 1351ஆம் ஆண்டின் உழைப்பாளர் சட்டம் அதனை மட்டுப்படுத்த முயன்றது. தலைவரி மக்களை எழச்செய்தது. 1381 யூனில் பிளாக்ஹீத் வெளியிற் குருவானவர் ஜோன் போல் ஆற்றிய உரையை அவருக்குப் பகைவரான வால்சிங்கம் என்ற துறவி பதிந்துள்ளார். நல்ல உழவர் போற் களைகளை அகற்றும்படி போல் மக்களை வேண்டினாராம். களைகள் யாவரெனின் பெருநிலப் பிரபுக்களும் நீதிபதிகளும் வழக்கறிஞரும் ஆவர். யூலை 15இல் அவர் கொல்லப்பட்டார். உவமை முதன்முறையாக, அதுவரை களையென்று தாம் ஐயுறப்பட்டவர்களின் கையில், மேலோரை நோக்கித் திரும்பியது.

இத்திருப்பத்தின் உச்சத்தை 1525ஆம் ஆண்டின் ஜேர்மன் விவசாயப் போரிற் காண்கின்றோம். தோமஸ் முன்ஸர் என்ற குருவானவர் சுவிக்காவ் நகரத்து நெசவாளரிடையே பணியாற்றி, 1521இற் பிராக் நகரில் வெளியிட்ட அறிக்கையிலேயே, இறைவன் தம்மை அறுவடைக்குக் கூலிக்கு அமர்த்தியதாகவும் அரிவாளைத் தாம் தீட்டியதாகவும் கூறியவர். 1523இல் அல்ஸ்டெட் என்ற சிற்றூருக்கு வந்து, வழிபாட்டை ஜேர்மன் மொழியில் அமைத்தார். அயலிலுள்ள மன்ஸ்பெல்ட் செப்புச் சுரங்கத் தொழிலாளர் அதற்குத் திரண்டனர். மன்ஸ்பெல்ட் பிரபு தம் குடிகள் அங்கு செல்வதைத் தடுத்தார். மார்ட்டின் லூதரின் தந்தையார் அதே மன்ஸ்பெல்டில் உருக்குலைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

1524 யூலை 13ஆம் நாள் அல்ஸ்டெட் கோட்டையிற் சக்சனியின் கோமகன் யோகானும் அவர் மகனும் செவிமடுக்க முன்ஸர் தானியேல் நூலின் இரண்டாம் அதிகாரத்தை விரித்துரைத்தார். அறுவடைக்காலம் வந்துவிட்டது, களைகள் பிடுங்கப்பட வேண்டும் என்றார். மத்தேயுவின் உவமையில் அறுப்போர் தேவதூதர். முன்ஸரின் விளக்கத்தில் அரிவாள் தீட்டும் அத்தூதர் இறைவனின் உறுதிவாய்ந்த ஊழியரேயாவர். ஒரே ஒரு சொல்லின் பொருள்மாற்றம் இது. வானோரின் வேலை மண்ணோரின் கைக்கு வந்தது. கோமக்கள் அவ்வேலையைச் செய்யாவிடின் வாள் அவர்களிடமிருந்து எடுக்கப்படும் என்றும் அவர் எச்சரித்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் லூதருக்கு எதிராக எழுதிய நூலில், நீரின் மீனையும் வானின் பறவையையும் நிலத்தின் விளைவையும் தமதாக்கிக்கொண்ட பிரபுக்கள், திருடாதே என்ற கட்டளையை ஏழைக்குப் போதிக்கின்றனர் எனச் சாடினார். மறுஆண்டு மார்ச்சில் மெம்மிங்கனில் உருவான விவசாயரின் 12 கோரிக்கைகளைப் பார்ப்போர், காடு, மீன், பொதுநிலம், பண்ணையடிமை நீக்கம் ஆகிய இதே விடயங்களை அவற்றிற் காண்பர்.

லூதரும் உலகமுடிவு அண்மையிலுள்ளது என்றே நம்பினார். ஆகவே இருவருக்குமிடையே வேறுபாடு நாளின் அண்மை பற்றியதன்று. அறுப்பவர் யார் என்பது பற்றியது. 1525 ஏப்பிரலில் எழுதிய சமாதான அறிவுரையில் லூதர், கிளர்ச்சிக்குக் காரணம் பிரபுக்களின் கொடுமையே என்று ஒப்புக்கொண்டார். விவசாயரை நோக்கியோ பழிவாங்குதல் இறைவனுடையது, கிறிஸ்தவனின் உரிமை துன்புறுதலே என்றார். மே மாதத்தில் அவரது குரல் மாறியது. கிளர்ந்தெழுந்தோரை வெட்டிச் சாய்க்குமாறு பிரபுக்களைத் தூண்டும் நூல் வெளிவந்தது. குடிகளுக்குப் பொறுமையைப் போதித்தவர், கோமக்களுக்கு அதே பொறுமையைப் போதிக்கவில்லை. மே 15இல் பிராங்கென்ஹவுசனில் விவசாயர் படை சிதைந்தது. கொல்லப்பட்டோர் ஐயாயிரத்துக்குக் குறையார். சூரியனைச் சூழத் தோன்றிய ஒளிவட்டத்தைத் தமது வானவிற் கொடிக்கு இறைவன் காட்டிய அடையாளமாக அவர்கள் கருதியிருந்தனர். மே 27இல் முன்ஸரின் தலை துண்டிக்கப்பட்டது.

ஏங்கெல்ஸ் 1850இல் இப்போரைப் பற்றி எழுதியபோது, முன்ஸரின் இறையியலை அரசியற் திட்டமொன்றின் மேலாடையாகவே பெரிதும் கண்டார். வர்க்க நலன்களைச் சமயச் சொல்லாடலின் அடியிற் கண்டுபிடித்த அந்நூலின் சாதனை பெரிது. ஆயினும் 'மேலாடை' என்ற உருவகம் இங்குப் போதாது. அறுவடை என்பது முன்ஸரின் பேச்சுக்கு அணியன்று. அவரது அரசியலின் காலக்கணக்கே அதுதான். எப்போது, எவரால், எந்த உரிமையில் என்ற வினாக்களை அவர் அவ்வுவமையின் வாயிலாகவே சிந்தித்தார். வேறு மொழி அவருக்கு இருக்கவில்லை. அம்மொழியைக் களைந்தெடுத்தால் அடியில் எஞ்சுவது திட்டமன்று, வெறுமை. அதே நூலில் ஏங்கெல்ஸ், காலம் கனியுமுன் அதிகாரத்தை ஏற்க நேரும் தலைவனின் அவலத்தைப் பற்றிக் கூறும் பகுதி ஆழமானது. வர்க்கமும் உற்பத்தி உறவுகளும் முதிராதவிடத்துத் தலைவன் தன் கொள்கைக்கு மாறாகவே செயற்பட நேரும் என்பது அதன் கருத்து. 'கனிதல்' என்ற சொல்லை நோக்குக. வேலையாட்கள் நிலக்கிழாரிடம் கேட்ட அதே வினா, பொருள்முதல்வாதத்தின் மொழியில் மீண்டும் கேட்கப்படுகின்றது.

4

தோல்வியின் பின் பொறுமை மீண்டது. பிராங்கென்ஹவுசனிலிருந்து தப்பிய நூல் வணிகர் ஹன்ஸ் ஹூட், 1528இன் பெந்தெகொஸ்தே நாளில் முடிவு வரும் என்றும், அதுவரை வாள் உறையில் இருக்கட்டும் என்றும் போதித்து, 1527இன் இறுதியில் ஆக்ஸ்பேர்க் சிறையில் இறந்தார். 1534–35இல் முன்ஸ்டர் நகரிற் காத்திருக்க மறுத்தோர் அமைத்த 'புதிய எருசலேம்', பொதுவுடைமையோடு தொடங்கி ஒருவனின் முடியாட்சியாகவும் மரணதண்டனைகளாகவும் முடிந்து, முற்றுகையில் வீழ்ந்தது. அதன் சாம்பலிலிருந்து மென்னோ சைமன்ஸ் 1536இன் பின் வாளை முற்றாகத் துறந்த சமூகங்களைக் கட்டியெழுப்பினார். இதனைத் தோற்றோரின் சரணாகதியென்று மட்டும் கொள்ளலாகாது. அரசின் வாளையும் அவர்கள் ஏற்கவில்லை. இராணுவத்திற் சேர மறுத்தனர். நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். இப்பொறுமை அடங்கிப்போதலினும் வேறானது.

இதே நூற்றாண்டில் உவமை மூன்றாம் பயன் ஒன்றையும் பெற்றது. 1553இற் கல்வினின் ஜெனீவாவிற் செர்வெத்துஸ் எரிக்கப்பட்டதை அடுத்து, செபாஸ்தியன் காஸ்தெல்லியோ 1554இற் பேதகரைக் கொல்லலாகாது என்று நூல் வெளியிட்டபோது களை உவமை முக்கிய ஆதாரமாயிற்று. 1644இல், மசசூசெற்ஸ் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் இலண்டனில் வெளியிட்ட நூலில், வயல் என்பது உலகம். ஆகவே குடியியல் அரசுக்கு மனச்சாட்சியைக் களையெடுக்கும் உரிமை இல்லை என்று வாதிட்டார். 411இல் தொனாத்தியர் தோற்ற வாதம் பன்னிரு நூற்றாண்டுகளின் பின் சமய சுதந்திரத்தின் அடிப்படையாக மீண்டெழுந்தது. வளர்ந்துவரும் வணிகச் சமூகத்துக்குச் சமய அமைதி தேவைப்பட்டது என்பது உண்மை. அத்தேவையின்றி இக்கருத்து வேரூன்றியிராது. எனினும் பழங்குடியினரின் நிலத்தை அரச பட்டயத்தாற் பெறுதல் செல்லாது என்றும் வாதிட்ட வில்லியம்ஸை வணிக வர்க்கத்தின் குரலென்று மட்டும் சுருக்க முடியாது.

20ஆம் நூற்றாண்டில் பொறுமை மீண்டும் வழக்காடு மன்றத்துக்கு வந்தது. 1963 ஏப்பிரலிற் பேர்மிங்காம் நகரின் வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மர் கறுப்பின மக்களைக் காத்திருக்கும்படி வேண்டியபோது, மார்ட்டின் லூதர் கிங் சிறையிலிருந்து மறுமொழி எழுதினார். காலம் தானாக எதனையும் குணப்படுத்துவதில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். 1985இல் தென்னாபிரிக்க இறையியலாளர் வெளியிட்ட 'கைரோஸ்' அறிக்கை, நிறவெறி அரசை நியாயப்படுத்தும் இறையியலையும், நீதி தீர்க்காது ஒப்புரவை மட்டும் வேண்டும் திருச்சபை இறையியலையும் ஒருங்கே மறுத்தது. கைரோஸ் என்ற கிரேக்கச் சொல் உரிய வேளை எனப் பொருள்படும். 'ஆயத்தம்' என்ற பழைய கூறு இங்கு தனிமனித மரணத்திலிருந்து பிரிந்து மீண்டும் வரலாற்றுக் கணத்தோடு இணைகின்றது.

5

தொகுத்து நோக்குமிடத்து, இறைபொறுமைக் கோட்பாடு தன்னளவில் அடக்குமுறையின் கருவியுமன்று, விடுதலையின் கருவியுமன்று. அதன் பொருளை நிர்ணயிப்பன இரு வினாக்கள். பொறுக்கும்படி யார் யாரிடம் கேட்கின்றார்? பொறுப்பதன் விலையை யார் செலுத்துகின்றார்? கூலி பிடித்துவைக்கப்பட்டவனிடம் கூலியைப் பிடித்துவைத்தவன் பொறுமை கேட்கும்போது அது கொடுமையின் நீட்சி. வாளேந்திய அரசிடம் மாற்றுக் கருத்தாளன் பொறுமை கேட்கும்போது அது நாகரிகத்தின் தொடக்கம். இரண்டுக்கும் ஒரே உவமை சான்றாயிற்று. இவ்விரண்டையும் குழப்புவதே கோட்பாட்டின் ஆளும் வர்க்கப் பயன்பாடாகும்.

இவ்வரலாறு சமயத்தாருக்கு மட்டும் உரிய பாடமன்று. இரண்டாம் அகிலத்துக் கட்சிகள் புறநிலைமைகள் தாமே கனியும் என்று காத்திருந்து, 1914இல் உலகப் போர் திருடனைப்போல வந்தபோது ஆயத்தமற்றுப் போயின. வால்டர் பென்யமின் தமது இறுதி ஆண்டாகிய 1940இல் எழுதிய வரலாற்று ஆய்வுரைகளில், தானாக நிகழும் முன்னேற்றம் என்ற அந்நம்பிக்கையைக் கண்டித்து, ஒவ்வொரு கணமும் மாற்றத்தின் வாயிலாகலாம் என்ற யூத மரபின் விழிப்பை நினைவூட்டினார். மறுபுறத்தில், அறுவடைக்காலத்தைத் தாமே அறிவித்துக்கொண்ட புரட்சியரசுகள் 1930களிற் களையென்று பிடுங்கியவற்றுட் பெரும்பகுதி கோதுமையே என்பதை இன்று எந்த மார்க்சியனும் மறுக்க முடியாது. இளம் பயிரிற் களையைப் பிரித்தறிய இயலாது என்ற வேளாண்மை உண்மை அங்கும் பொய்க்கவில்லை.

ஆகவே வேலையாட்களின் வினாவை மூடத்தனமென்று தள்ளவும் இயலாது. நிலக்கிழாரின் விடையை இறுதியென்று ஏற்கவும் இயலாது. களை உண்டு என்று கண்டவர்கள் வேலையாட்களே; வயலில் நாளும் நின்றவர்களும் அவர்களே. கொடிய அமைப்புகளைத் தகர்ப்பதில் தாமதம் கூடாது. மனிதரைக் களையென்று தீர்த்துவிடுவதில் அவசரம் கூடாது. அமைப்புக்கும் மனிதனுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டை உவமை அறியாது. அதனைத் தெளிவுபடுத்தியது சமூக விஞ்ஞானம். ஆயின் அவ்வேறுபாட்டை மறந்தால் நேருவது யாது என்பதை அவ்வுவமையின் வரலாறு நமக்கு அறிவிக்கின்றது. கிறிஸ்தவ சமய வரலாற்றைக் கற்கும் தேவை, நம்பிக்கையுடையோருக்கும் நம்பிக்கையற்றோருக்கும் பொதுவானதாவது இதனாலேயே.